மரப் பெட்டிக்குள் ஒரு கணினி

மரப் பெட்டிக்குள் சிறு கணினி ஒன்றை அமைக்க விரும்புகிறவர், உளியையும் இழைப்புளியையும் கையில் எடுப்பதற்கு முன்னால், மரத்தின் சுபாவங்கள் இரண்டை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, மரம் உஷ்ணத்தைக் கடத்தாது. அலுமினியத் தகடு கடத்தும் உஷ்ணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தேக்குப் பலகை கடத்துவதில்லை. கடையில் விற்கும் உலோகப் பெட்டியில் உள்ளே பிறக்கும் சூட்டின் ஒரு பகுதி பெட்டியின் சுவர்கள் வழியாகவே வெளியே போய்விடுகிறது. மரப் பெட்டியில் அந்த உதவி அறவே இல்லாமையால், சூடு முழுவதையும் காற்றே சுமந்துகொண்டு வெளியேற வேண்டியிருக்கிறது. இரண்டாவது, மரம் அசையும். ஈரக் காற்றில் உப்பியும் வறண்ட காற்றில் சுருங்கியும் அது ஆண்டு முழுவதும் தன் அகலத்தை மாற்றிக்கொண்டே இருக்க, அதனுள் பொருத்தப்படும் மதர்போர்டோ ஒரு மயிரிழையும் மாறாத பொருளாக இருக்கிறது. இவ்விரண்டும் எந்த ஊரிலும் கவனிக்கத் தக்கவையே எனினும், மழைக்காலத்து ஈரமும் கோடையின் வெக்கையும் என்றும் நீங்காத உப்பும் கலந்த காற்று வீசும் புதுச்சேரி போன்ற கடற்கரைப் பட்டினத்தில் இவையே பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஆகையால் இந்த அத்தியாயத்தில் காற்றுக்கு வழி வகுப்பதை முதற் காரியமாகவும், மரத்துக்கு அசைய இடம் விடுவதை அடுத்த காரியமாகவும் வைத்து, மற்றவற்றை அவற்றுக்கு அடங்கியவையாகவே சொல்லப் போகிறேன்.

மின்சாதனத்தை மரத்துக்குள் வைப்பது புதிய வழக்கமன்று. நம் பாட்டனார் காலத்து வால்வு ரேடியோக்கள் அழகிய மரக்கூட்டுக்குள்ளேயே வந்தன. அவற்றின் பின்புறத்தைத் துளைகள் நிறைந்த மெல்லிய அட்டைப் பலகை மூடியிருந்ததற்குக் காரணம், வால்வுகளின் சூடு அவ்வழியே போக வேண்டும் என்பதுதான். கணினியின் வரலாற்றிலும் மரத்துக்கு ஓர் இடம் உண்டு. 1964-ஆம் ஆண்டில் டக்ளஸ் எங்கல்பர்ட்டின் கருத்தைக் கொண்டு பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் செய்த முதல் மவுஸ், குடைந்த மரக்கட்டை ஒன்றுக்குள் அமைந்திருந்தது. 1976-இல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1, பெட்டியில்லாத வெறும் போர்டாகவே விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய 200 மட்டுமே செய்யப்பட்ட அந்தப் போர்டுகளை வாங்கியவர்கள் கீபோர்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பெட்டியையும் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தமையால், சிலர் தம் ஊர்த் தச்சரையோ தம் கைத்திறனையோ நம்பி மரப் பெட்டிகளைச் செய்துகொண்டனர். அத்தகைய மரப் பெட்டியோடு கூடிய ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே இந்தக் காரியத்தில் இறங்குகிறவர், கணினி பிறந்த காலத்திலேயே தொடங்கிய ஒரு மரபைத் தம் ஊர் மரத்தையும் தம் ஊர்க் காற்றையும் கொண்டு தொடர்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

எந்தப் போர்டைத் தேர்ந்துகொள்வது என்பதில் நீண்ட விசாரம் தேவையில்லை. பாட்டுக் கேட்கவும், வீட்டுக் கோப்புகளைச் சேமித்து வைக்கவும், குழந்தைகள் நிரல் எழுதப் பழகவும் மட்டுமே கணினி வேண்டும் என்றால், 85 மி.மீ. நீளமும் 56 மி.மீ. அகலமும் உள்ள ராஸ்பெரி பை போதும். அன்றாட எழுத்துவேலை, கணக்குவேலை, படம் பார்த்தல் ஆகியவற்றுக்கு மினி-ஐ.டி.எக்ஸ். என்னும் அளவில் வரும் போர்டு ஏற்றது. 2001-இல் தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த அளவு, ஒவ்வொரு பக்கமும் 17 செ.மீ. கொண்ட சதுரம். அவற்றுள் இன்டெல் என்-100 போன்ற சிக்கனமான பிராசஸரோடு சேர்ந்தே வருவனவும், லேப்டாப் அடாப்டரின் 19 வோல்ட்டை நேரே ஏற்றுக்கொள்வனவும் நமக்கு மிக உகந்தவை. விளையாட்டுக்கென விற்கும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளை மரப் பெட்டியில் வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 200 வாட்டும் அதற்கு மேலும் சூட்டைக் கக்கும் சாதனத்துக்கு உலோகமே தகுதியான வீடு. இனி வரும் அளவுகள் யாவும் மினி-ஐ.டி.எக்ஸ். போர்டைக் கருதியே சொல்லப்படுகின்றன.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதுச்சேரிக்காரருக்கு ஒரு பாக்கியம் வாய்த்திருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளிலும் மேற்கே தமிழர் கட்டிய வீடுகளிலும் மெட்ராஸ் டெரஸ் என்னும் முறையில், நெருக்கமாக அடுக்கிய மர உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பித் தளம் போட்டார்கள். அந்த உத்தரங்களுள் பெரும்பாலானவை பர்மாவிலிருந்து வந்த தேக்கு. பழைய வீடு ஒன்று இடிபடும்போதெல்லாம் அவை பழைய மரம் விற்கும் கடைகளை வந்தடைகின்றன. பல பத்தாண்டுகள் இதே ஊரின் காற்றைச் சுவாசித்து, உப்பியும் சுருங்கியும் ஓய்ந்து, வைரம் பாய்ந்து நிற்கும் அத்தகைய மரத்துக்கு நிகரானதைப் புதிதாக அறுத்த மரத்தில் தேடுவது வீண். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையின் மரத்தூண்கள், மழையும் வெயிலும் நேரே படாத இடத்தில் நல்ல மரம் கடற்காற்றை எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்குக் கண்கூடான சாட்சி. எனினும் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இடிபாட்டில் வந்த உத்தரத்தை வாங்கலாம், முழுமையாக இருக்கும் பழைய அலமாரியையோ நாற்காலியையோ இதற்காகப் பிரித்துவிடக் கூடாது. பிரெஞ்சு வடிவில் நம் தச்சர் ஈட்டி மரத்தில் செய்த அந்தப் பொருள்களை இனி ஒருவர் செய்து தருவது அரிது. கணினிப் பெட்டியையோ எந்த மரத்திலும் செய்யலாம்.

பழைய மரத்தை வாங்கினால் இரண்டு ஜாக்கிரதைகள் வேண்டும். உள்ளே புதைந்து கிடக்கும் ஆணிகள் ரம்பத்தின் பல்லையும் சில சமயம் கையையும் பதம் பார்த்துவிடும்; ஆதலால் அறுப்பதற்குக் கொடுக்கும் முன் வலிமையான காந்தம் ஒன்றைப் பலகை முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். கதவு, சன்னல் இவற்றின் பலகையாக இருந்தால் அதன்மேல் உள்ள பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய பெயிண்டை உப்புக்காகிதத்தால் உலரத் தேய்த்துத் தூசியைக் கிளப்புவது, முக்கியமாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், பெரும் தீங்கு. அதை நீரில் நனைத்துச் சுரண்டி எடுப்பதும், சுரண்டலைக் கட்டி அப்புறப்படுத்துவதுமே முறை.

தேக்கு கிடைக்காதவர் வருந்த வேண்டியதில்லை. வேம்பின் வைரம் பூச்சிகளுக்கு எளிதில் இடங்கொடாது. கடற்கரையை ஒட்டியே வளரும் பூவரசு இறுக்கமான இழையும் செழுமையான நிறமும் உடையது. சிறு பெட்டிக்கு மிக அழகாக அமையும். ஆரோவில்லில் காடு வளர்த்தவர்கள் தொடக்க காலத்தில் வறண்ட செம்மண்ணில் ஏராளமாக நட்ட அக்கேசியா மரமும் அந்தப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் பயன்படுகிறது. எந்த மரமாயினும் வெளிறு நீக்கி வைரத்தையே கொள்ள வேண்டும். வெளிறில் உளுப்பு விழும். பச்சை மரத்தை மட்டும் தொடவே கூடாது. அது வளைந்து கோணுவது ஒருபுறமிருக்க, காயாத மரத்திலிருந்து கசியும் புளிப்பு ஆவி மூடிய இடத்தில் செம்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும். எம்.டி.எஃப். என்னும் நார்ப்பலகை மலிவானதுதான். ஆனால் ஐப்பசி மழையில் அதன் ஓரங்கள் ஊறிய அப்பளம்போல் உப்பிவிடுவதால் நம் ஊருக்கு அது ஆகாது. செலவைச் சுருக்க விரும்புகிறவர் மரைன் பிளைவுட்டை எடுத்துக்கொள்ளட்டும்.

இனிப் பெட்டியின் அமைப்பு. காற்று எவ்வாறு நுழைந்து எவ்வாறு வெளியேறும் என்பதைத் தாளில் வரைந்து முடித்த பிறகே பலகையின் நீள அகலங்களைக் குறிக்க வேண்டும். சூடான காற்று மேலே எழும் என்பது யாவரும் அறிந்ததே. நம் பழைய வீடுகளில் தெருவாசல் வழியே தாழ நுழையும் காற்று கூடத்தின் வெக்கையைத் திரட்டிக்கொண்டு முற்றத்தின் வழியே வானை நோக்கி எழுவதைப் போலவே, பெட்டியிலும் குளிர்ந்த காற்றுக்கு அடியில் ஒரு வாசலும் சூடேறிய காற்றுக்கு உச்சியில் ஒரு வாசலும் வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு விரைவாகக் காற்று ஓடும். இதனால்தான் போர்டைப் பாய்போல் படுக்க வைக்காமல் சுவர்போல் நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். நிற்கும் போர்டின் இரு பக்கமும் காற்று தடையின்றி மேலேறும். படுத்த போர்டின் அடியிலோ சூடு தேங்கி நிற்கும். உட்புற அளவு அகலம் 14, ஆழம் 20, உயரம் 25 செ.மீ. என்று கொண்டால், போர்டு நிற்கவும் அடியில் விசிறி ஒன்று பொருந்தவும் போதிய இடம் கிடைக்கும்.

காற்று எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். என்-100 வகைப் போர்டு தன் சேமிப்பு வட்டுகளோடு முழு மூச்சாக வேலை செய்யும்போது வாங்கும் மின்சாரம் 40 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வாங்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே மாறுகிறது. உள்ளே நுழையும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற வேண்டும் என்று நாம் விரும்பினால், வினாடிக்கு மூன்றரை லிட்டர் காற்று ஓடினால் போதும். 12 செ.மீ. விசிறி ஒன்று நிமிடத்துக்கு 800 சுற்று என்னும் மெதுவான, காதுக்குக் கேட்காத வேகத்திலேயே தடையில்லாத இடத்தில் இதைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் காற்றைத் தள்ளும். காற்று நுழையும் வாசலில் தூசியைத் தடுக்கப் பொருத்தும் தூசுவடியின் தடை அதில் பாதியைத் தின்றாலும் மீதி நமக்குப் போதியது. சிறிய விசிறியை வேகமாகச் சுழலவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். 15 வாட்டுக்கு மேற்படாத ராஸ்பெரி பை போன்றவற்றுக்கு விசிறியே வேண்டாம். ஆனால் அப்போது அடிவாசலும் உச்சிவாசலும் தனித்தனியே 100 சதுர செ.மீ. பரப்புக்குக் குறையாமலும், இரண்டுக்கும் இடையே 20 செ.மீ. உயரம் இருக்குமாறும் அமைய வேண்டும்; வலை பொருத்தினால் அந்தப் பரப்பை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும்.

அடிப்பலகையில் 12 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துளை இட்டவர் பலர், பெட்டிக்கு அரை அங்குல உயரத்தில் கால் வைத்துக் காற்றை நெரித்துவிடுகிறார்கள். துளையின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு உயரம் காலுக்கு இருந்தால்தான் துளையின் பரப்புக்குச் சமமான வழி சுற்றிலும் கிடைக்கும். ஆகவே கால்கள் 3 செ.மீ. உயரம் இருக்கட்டும். விசிறி காற்றை வெளியே இழுக்கும்படி வைப்பதா, உள்ளே தள்ளும்படி வைப்பதா என்ற கேள்வியில், கடற்கரை ஊர்களுக்கு உள்ளே தள்ளுவதே சிறந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அவ்வாறு வைத்தால் காற்று முழுவதும் தூசுவடியைக் கடந்தே வரும். மற்ற இடுக்குகள் எல்லாவற்றிலும் காற்று வெளியேறிக்கொண்டே இருப்பதால் அவற்றின் வழியே தூசு புகாது. வெளியே இழுக்கும் விசிறியோ கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளின் வழியாகவெல்லாம் தெருப் புழுதியை உள்ளே அழைத்துவிடும். தூசுவடி கழற்றிக் கழுவக் கூடியதாகவும், உச்சிவாசலின் வலை துருப்பிடிக்காத எஃகில் பல்லிக் குஞ்சும் கரப்பானும் நுழைய முடியாத சன்னமான கண் உடையதாகவும் இருக்க வேண்டும். மின்னோட்டம் உள்ள போர்டின்மேல் ஊரும் ஒரு பல்லி, தானும் மாண்டு போர்டையும் மாளச் செய்துவிடும்.

மரத்தின் அசைவுக்கு வருவோம். தேக்கு மற்ற மரங்களை நோக்க அடக்கமானது. ஆயினும் 20 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, சித்திரையின் வறட்சிக்கும் கார்த்திகையின் ஈரத்துக்கும் இடையே ஒன்றரை மி.மீ. வரை அகலத்தில் மாறக்கூடும். நாரோட்டத்தின் திசையில், அதாவது நீளத்தில், மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். போர்டை நேரே பலகையில் திருகாணியால் இறுக்கினால் அந்த ஒன்றரை மி.மீ. போர்டை வளைக்கப் பார்க்கும். போர்டில் நுண்ணிய பற்றுகள் ஆயிரக்கணக்கில் இருக்க, அவற்றுள் ஒன்று விரிசல் கண்டாலும் காரணம் புரியாத கோளாறுகள் தோன்றும். இதற்கு நான் கண்ட நல்ல உபாயம், ஒன்றரை மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டை 'ட' எழுத்தின் வடிவில் மடித்து, ஒரு கரத்தில் போர்டையும், மற்றொரு கரத்தைப் பெட்டியின் பின்சுவராகவும் அமைத்து, அந்தத் தகடு முழுவதையும் ஓர் இழுப்பறைபோலப் பெட்டியின் காடிகளில் நுழைத்துவிடுவது. பின்சுவரின் ஓர் ஓரத்தில் மட்டும் திருகாணி இட்டு, மறு ஓரத்தைக் காடிக்குள் சற்றே தளர விட்டுவிட்டால், மரம் தன் விருப்பம்போல் அசையும். போர்டுக்கு அதனால் ஒரு தொல்லையும் நேராது. தகடு மடிக்கும் வேலையைத் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளின் பட்டறைகளில் செய்துகொள்ளலாம்.

இந்த உபாயம் வேறொரு சங்கடத்தையும் தீர்க்கிறது. மதர்போர்டின் பின்புறத் துவாரங்கள் அனைத்தும் 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. அகலமும் உள்ள ஒரு சட்டத்துக்குள் அடங்குமாறு உலகெங்கும் ஒரே அளவாக அமைக்கப்படுகின்றன. ஆனால் அந்த அளவு மெல்லிய தகட்டைக் கருதியது. அரை அங்குல மரப்பலகையில் அதே சட்டத்தை வெட்டினால் துவாரங்கள் குழிக்குள் போய், கேபிளின் முனை எட்டாமல் நின்றுவிடும். பின்சுவர் தகடாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. முன்புறத்தில் வைக்கும் பொத்தானுக்கும் இதே நியாயம் பொருந்தும்: அதன் மரை பெரும்பாலும் பலகையின் கனத்தைவிடக் குட்டையாகவே இருப்பதால், உட்புறத்தில் அகலமாகக் குடைந்து பலகையை அவ்விடத்தில் மட்டும் மெலியச் செய்ய வேண்டும்.

ஆசாரியிடம் வேலையை ஒப்படைப்பவர் அளவு சொல்லும் முறையிலும் கவனம் செலுத்த வேண்டும். நம் ஆசாரிகள் அங்குலத்தை எட்டாகப் பகுத்து நூல் கணக்கில் அளப்பவர்கள். ஒரு நூல் என்பது மூன்று மி.மீ.க்குச் சற்று அதிகம். கதவுக்கும் கட்டிலுக்கும் அது போதும். கணினியின் காடிக்கு அரை மி.மீ. தவறினாலும் தகடு நுழையாது. எண்களை எழுதிக் கொடுப்பதைவிடத் தகட்டையும் விசிறியையும் பொத்தானையுமே கையோடு கொண்டுபோய், கெட்டி அட்டையில் மாதிரி வெட்டி, "இது உள்ளே போகணும் ஆசாரி, ஆனா இறுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டால், அநேகமாக எல்லா ஆசாரிகளும் பொருளைப் பார்த்தே நாம் எண்ணியதைவிடச் செவ்வையாகச் செய்து முடிப்பார்கள். பின்தகடு நீங்கலாக உள்ள மூன்று மரச் சுவர்களின் நாரோட்டமும் பெட்டியைச் சுற்றி ஒரே திசையில் ஓடட்டும். அப்போது மூன்றும் ஒருமித்து உப்பும், ஒருமித்துச் சுருங்கும். மூலைகளைப் புறாவால் மூட்டாகச் செய்தால் ஆணியே வேண்டியதில்லை. மேற்பலகையையும் அடிப்பலகையையும் பசையிட்டு ஒட்டாமல் காடிக்குள் மிதக்க விடுவது அவசியம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி: 230 வோல்ட் மின்சாரம் மரப் பெட்டிக்குள் நுழையவே கூடாது. அடாப்டர் வெளியே இருக்க, உள்ளே 19 வோல்ட்டோ 12 வோல்ட்டோ மட்டும் வரட்டும். பிராசஸரின் சூட்டால் மரம் தீப்பற்றாது. மரம் பற்றுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும், பிராசஸரோ 100 டிகிரியை எட்டும் முன்பே தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆபத்து, தளர்ந்த இணைப்பில் எழும் பொறியில்தான் இருக்கிறது. புதுச்சேரியில் இன்னொரு விசேஷம் உண்டு. பிரான்சில் வாழும் உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் பழைய கணினிகளும் அடாப்டர்களும் இங்கே பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றின் போர்டுகளை இவ்வாறு பெட்டி செய்து பயன்படுத்துவது மிக நல்ல காரியம். பிரான்சிலும் 230 வோல்ட், 50 சுழற்சி மின்சாரமே ஆதலால் சாதனம் பழுதாகாது. ஆனால் பிரெஞ்சு பிளக்கில் எர்த் இணைப்பு ஒரு துளையாக அமைந்திருக்க, அதற்குரிய முளை அந்நாட்டுச் சுவர்ப் பலகையிலேயே இருக்கிறது. நம் ஊர்ச் சாக்கெட்டில் அதைச் செருகினால் பிளக் தளர்ந்து நிற்பதோடு எர்த்தும் அற்றுப்போகிறது. உலோகத் தகட்டைத் தொடும்போது விரலில் ஏற்படும் மெல்லிய சிலிர்ப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கேபிளை மாற்றி நம் நாட்டு மூன்று முளைப் பிளக்கைப் பொருத்திவிடுவதே சரி. மரம் மின்காந்த அலைகளைத் தடுக்காது என்பதும் நினைவிலிருக்கட்டும். வைஃபைக்கு அது நன்மை, பக்கத்தில் மத்திய அலை வானொலி கேட்பவருக்கு இடையூறு. உட்சுவர்களில் அலுமினியத் தாள் ஒட்டிப் பின்தகட்டோடு இணைத்தால் அந்த இரைச்சல் பெரிதும் அடங்கும். வைஃபை ஆன்டெனாவை அப்போது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் வீசிய தானே புயலுக்குப் பின்னும், 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின்னும், இந்த ஊரார் மின்சாரமின்றி இருந்ததை மறக்கமாட்டார்கள். 12 வோல்ட்டில் இயங்கும் போர்டைத் தேர்ந்தவர், 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றை வெளியே வைத்துக்கொண்டால், 15 வாட் செலவிடும் கணினியை ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டலாம். பாட்டரியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்து நிற்கும். போர்டின்மேல் படிந்த உப்புத் துகள் அவ்வாறு கரைந்தால் மின்சாரம் வேண்டாத வழியில் பாயும், செம்பு பச்சை பூக்கும். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளில் மின்சாதனங்கள் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுவே. இதற்கு எளிய பரிகாரம் கணினியை இயங்க விடுவதுதான். 27 டிகிரியில் 85 சதவீதமாக உள்ள ஈரப்பதம், அதே காற்று பெட்டிக்குள் 32 டிகிரிக்குச் சூடேறினால் 64 சதவீதமாகக் குறைந்துவிடும். மாடி அறையில் மழைக்காலம் முழுவதும் அணைத்தே வைத்த கணினியைவிட, சிறிதளவே மின்சாரம் குடித்துக்கொண்டு இயங்கும் கணினி நீண்ட நாள் உழைக்கும். காற்று ஓடும் பெட்டிக்குள் சிலிகா பொட்டலம் போடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. திருகாணிகள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும்.

பாலிஷ் வேலையில், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் பூசும் பிரெஞ்சு பாலிஷ், தேக்குக்குத் தரும் ஆழமான ஒளியை வேறெதுவும் தருவதில்லை. ஈரம் பட்டால் வெளுக்கும் என்பது அதன் குறை, பழுதானால் அவ்விடத்தை மட்டும் மறுபடி பூசிவிடலாம் என்பது அதன் நிறை. எதைப் பூசினாலும் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஒரே அளவாகப் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரத்தை மறு பக்கத்தால் மட்டும் குடித்து ஓடுபோல் வளையும். ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியில் உலர்த்தியோ நீரில் ஊறவைத்தோ அப்புறப்படுத்த வேண்டும். வாசனை முற்றிலும் அடங்கிய பிறகே போர்டை உள்ளே வைக்கலாம்.

பொருத்துவதும் மென்பொருள் ஏற்றுவதும் அரை நாள் வேலை. டெபியன் போன்ற கட்டற்ற இயங்குதளமே இத்தகைய சிறு கணினிக்குத் தோதானது. தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு, பிரான்சிலிருந்து வந்த கீபோர்டின் எழுத்து வரிசையையும் அது அறியும். தனியே செய்யத் தயங்குகிறவர்கள், புதுச்சேரியில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்தாரையோ, விழுப்புரத்துக் குனு லினக்ஸ் பயனர் குழுவினரையோ அணுகினால் உதவி கிடைக்கும்.

கடைசியாகப் பரிசோதனை. பெட்டியை மூடி, அது நிரந்தரமாக இருக்கப் போகும் இடத்திலேயே வைத்து, பின்புறத்துக்கும் சுவருக்கும் நாலு விரற்கடை இடைவெளி விட்டு, ஒரு மணி நேரம் கணினிக்கு முழு வேலை கொடுக்க வேண்டும். உச்சிவாசலில் வரும் காற்றையும் அறையின் காற்றையும் சிறு வெப்பமானியால் அளந்து பார்த்தால், வேறுபாடு 10 டிகிரியை ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் முதலில் தூசுவடியையும், அடுத்துக் காலின் உயரத்தையும் பார்க்க வேண்டும். விசிறியின் வேகத்தைக் கூட்டுவது கடைசி வழி. இந்தச் சோதனையை மார்கழியில் செய்து திருப்தி அடைந்தவர், அறையின் காற்றே 38 டிகிரியாக இருக்கும் கத்திரி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு மீண்டும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். முதல் மழைக்காலம் கழிந்ததும் தகட்டை வெளியே இழுத்து, காடி இறுகியிருந்தால் மெழுகு தடவி, எங்கேனும் உரசிய அடையாளம் இருந்தால் அவ்விடத்தை மட்டும் உப்புக்காகிதத்தால் இழைத்துவிட்டு, தூசுவடியைக் கழுவி உலர்த்தித் திரும்பப் பொருத்த வேண்டும்.